ரெண்டும் இருக்கும்

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. வளர்மதி, ரெண்டு காபி போடும்மா. ராசிபுரத்துல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு.

வாசல்ல நின்னு வாடகைக்கு வீடு இருக்கான்னு கேட்டீங்க. சரின்னு நானும் தலையாட்டிட்டேன். ஆனா பாருங்க, வீடு பாக்க வந்தவரு தண்ணி தினம் வருமா, அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேக்கணும். அதெல்லாம் விட்டுட்டு, "எதிர்வீட்டு உரக்கடைக்காரர் பொண்ணு எப்படிங்க"ன்னு ஆரம்பிச்சா எனக்குப் புரியாதாங்க? அட, கூச்சப்படாதீங்க. விசாரிக்காம யாரு பொண்ணு எடுப்பா? என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தப்ப, நானே முசிறிக்குப் போயி ஒரு சைக்கிள் கடையில உக்காந்து விசாரிச்சவன்தான். பஞ்சரே இல்லாத டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு வந்தேன்.

பையனுக்கு நீங்க தாய்மாமனா? அப்ப உங்க வார்த்தைதான் கடைசி வார்த்தை. சந்தோஷம். சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. என் பேரு திருஞானம். இங்க பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறேன். உரக்கடைக்காரர் பெரியண்ணன் எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் மாதிரி. அவரு பொண்ணு ரோகிணி பாவாடை சட்டையோட இந்தத் தெருவுல ஓடின நாள்லேருந்து எனக்குத் தெரியும். மாமா மாமான்னுதான் வருவா. பிளஸ் டூ முடிச்சப்ப, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்"னு அவங்கப்பா சொல்ல, நான் உக்காந்து பேசிப் பேசிக் காலேஜ்ல சேத்துவிட்டேன். அந்த நன்றி அவளுக்கு இருக்குங்க. அதுதாங்க வினையே.

என்னங்க? எங்க கேள்விப்பட்டீங்க? டீக்கடையிலயா? பொறுப்பு பத்தாது, இண்டர்வியூ அன்னைக்கே லேப்டாப்பைக் கெடுத்துக்கிட்ட பொண்ணுன்னு சொன்னாங்களா? ம்.

காபி எடுத்துக்குங்க. சக்கரை சரியா இருக்கா? என் சம்சாரம் கையால எனக்கு இப்ப ஒரு மாசமா சக்கரை கம்மியாத்தான் வருது. சக்கரை இல்லாமலே வந்தாலும் நான் வாயத் திறக்கற நிலைமையில இல்ல.

இதைச் சொல்லாம உங்களை அனுப்பினா எனக்குச் சோறு இறங்காது. அந்த லேப்டாப்பை ரோகிணி கெடுக்கல. யாரு கெடுத்தாங்கறதைச் சொல்றேன், கேளுங்க. அவசரமில்லையே?

அவளுக்குச் சென்னையில ஒரு கம்பெனியில வேலை கிடைக்கற மாதிரி இருந்துச்சு. இண்டர்வியூல ரெண்டு சுத்து முடிச்சிட்டா. மூணாவது சுத்துதான் கடைசி. திங்கக்கிழமை காலையில, வீட்டுல இருந்தே, கேமரா முன்னாடி உக்காந்து பண்ணணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிட்டு இங்க வந்தா. இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்தா. "மாமா, கேமராவும் மைக்கும் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க"ன்னா. மட்டும்னு சொன்னா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

பாத்தேன். கேமரா நல்லா இருந்துச்சு. மைக்கும் நல்லா இருந்துச்சு. அதோட குடுத்து அனுப்பியிருக்கணும். ஆனா அவங்க பெரியப்பா பையன் போட்டுட்டுப் போன பழைய லேப்டாப்புங்க அது. ஆமை நகர்ற மாதிரி நகருது. எனக்கு ஒரு வியாதி இருக்கு, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எங்க கம்ப்யூட்டரைப் பாத்தாலும் அதுல லினக்ஸ் போடாம விடமாட்டேன். எங்க பிரின்சிபால் ரூம்லயே போட்டிருக்கேன். கோயில் ஆபீஸ்ல போட்டுட்டு, பிரசாத டோக்கன் அடிக்க முடியலைன்னு அர்ச்சகர் ரெண்டு நாள் என்னைத் தேடிக்கிட்டு இருந்தாரு. லினக்ஸுன்னா என்னன்னு கேக்கறீங்களா? விண்டோஸ் மாதிரி அது இன்னொரு சிஸ்டம். இலவசம், வேகம். ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டையும் வைக்கலாங்க. ஆன் பண்ணினா எது வேணும்னு கேக்கும், வேணுங்கறதுக்குப் போய்க்கலாம். ஒரு வீட்டுல ரெண்டு குடும்பம் தனித்தனி அடுப்பு வச்சுக்கிட்டு இருக்கறதில்லையா, அது மாதிரி.

"இதுலயும் போட்டுத் தர்றேம்மா, பறக்கும் பாரு"ன்னேன். "நாளைக்கு இண்டர்வியூ முடியட்டுமே மாமா. அதுக்கு விண்டோஸ்தான் வேணுமாம்"னா. "அட, விண்டோஸை யாரு எடுக்கப் போறா? ரெண்டும் இருக்கும். அரை மணி நேர வேலை"ன்னேன். அவ தயங்கினா. "சரி மாமா"ன்னா. என்கிட்ட முடியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லாத பொண்ணு அது.

ரெண்டு சிஸ்டம் வைக்கணும்னா உள்ள இருக்கற ஹார்டு டிஸ்க்குல இடம் பிரிக்கணும். அந்த மாதிரிப் பழைய லேப்டாப்புல ஒரு தொந்தரவு உண்டு. டிஸ்க்கை நாலு பாகமாத்தான் பிரிக்க விடும். அஞ்சாவது கேட்டா முடியவே முடியாதுன்னு நிக்கும். ரோகிணியோட லேப்டாப்புல ஏற்கெனவே நாலும் இருந்துச்சு. இடம் என்னவோ ஏராளமாக் கிடக்கு. ஆனா நாலுக்கு மேல போகாது. ஒண்ணை அழிச்சாத்தான் எனக்கு வழி.

எதை அழிக்கறது? ஒண்ணுல விண்டோஸ் இருக்கு, அதைத் தொடக்கூடாது. ஒண்ணுல அவளோட போட்டோ, காலேஜ் புராஜெக்ட் எல்லாம் இருக்கு. இன்னொண்ணு, சிஸ்டம் படுத்துட்டா பழையபடி கொண்டுவர்றதுக்குன்னு கம்பெனியிலயே போட்டுக் குடுத்தது. நாலாவது ஒண்ணு இத்துனூண்டு. ஒரு சினிமாப் படத்தைக் காப்பி பண்ணி வைக்கக்கூட இடம் பத்தாது. பேரும் போடல. என்ன ஏதுன்னு உள்ள திறந்து பாத்திருக்கணும். பாக்கலீங்க. ஏதோ பிரிச்சப்ப மிச்சம் விழுந்த துண்டுன்னு நினைச்சுட்டேன்.

"அது என்ன மாமா?"ன்னு பக்கத்துல இருந்து கேட்டா. "அது ஒண்ணுமில்லம்மா"ன்னேன். அழிச்சிட்டேன்.

விண்டோஸ் காலையில கண் முழிக்கறதுக்கு வேண்டிய சமாச்சாரம் பூரா அதுலதாங்க இருந்துச்சு. பாலிடெக்னிக்ல வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு நானே தொண்டை கிழியக் கத்துவேன், என்னன்னு தெரியாததை அழிக்காதீங்கடான்னு. அடுத்தவனுக்குச் சொல்றது ரொம்ப லேசுங்க.

லினக்ஸ் ஏறிடுச்சு. அருமையா ஏறிடுச்சு, வேகமும் அப்படி ஒரு வேகம். "பாத்தியா"ன்னு நான் அவளைப் பாக்கறேன், அவளும் சிரிக்கிறா. அப்புறம் மறுபடி ஆன் பண்ணி விண்டோஸைத் தேடறேன். எது வேணும்னு கேக்கற இடத்துல விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டு இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு. மறுபடி ஆன் பண்றேன். ஒண்ணுதான். விண்டோஸ் உள்ள பத்திரமாத்தான் இருக்கு, அவ போட்டோவெல்லாம்கூட கண்ணுக்குத் தெரியுது. ஆனா எழுப்ப வழியில்ல.

அதைச் சரி பண்ண முடியுங்க. விண்டோஸ் டிஸ்க் ஒண்ணு இருந்தா சுலபமாப் பண்ணிடலாம். அந்த டிஸ்க் எங்க லேப் பீரோவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை லேப் பூட்டிக் கிடக்கு.

இப்ப பாருங்க, இதுவரைக்கும் நடந்தது கை தவறினது. யாருக்கும் நடக்கும். இதுக்கப்புறம்தான்... அந்தப் பொண்ணு கேட்டா, "மாமா, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடை அக்காகிட்ட லேப்டாப் இருக்கு. நாளைக்கு ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு வாங்கி வச்சுக்கட்டுமா"ன்னு. வளர்மதிகூட சமையக்கட்டுல இருந்து, "வாங்கி வச்சுக்கட்டுமேங்க, நல்லதுதானே"ன்னா. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ அந்தக் கோவம். "நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? காலையில சரியாயிடும்னா ஆயிடும். ஊரெல்லாம் போய்ச் சொல்லணுமா"ன்னு கத்திட்டேன். பாலிடெக்னிக்காரன் வீட்டுல கெட்டுப்போச்சுன்னு ஜெராக்ஸ் கடையில பேசினா எனக்கு என்ன மரியாதை? இப்படித்தாங்க புத்தி போச்சு அந்த நேரத்துல.

அவ ஜெராக்ஸ் கடைக்குப் போகல. வாங்கவும் இல்ல.

காலையில லேப்டாப்பை அவகிட்ட குடுத்துட்டு, டிஸ்க் எடுத்துக்கிட்டு வந்துடறேன்னு வண்டியை எடுத்தேன். போனா பீரோ சாவி எங்க ஹெச்.ஓ.டி.கிட்ட இருக்கு, அவரு மாமியாருக்கு முடியலைன்னு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. போன் போட்டா எடுக்கல. எடுத்தப்ப, சாவி வாட்ச்மேன்கிட்ட குடுத்திருக்கேன்ங்கறாரு. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிட்டாரு. அந்தாளைத் தேடி, பீரோவைத் திறந்து, நான் திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு.

இண்டர்வியூவுக்குன்னு இஸ்திரி போட்ட சுடிதார் போட்டு, தலை வாரி, பொட்டு வச்சு, மேஜை முன்னாடி உக்காந்திருந்தா. பின்னாடி செவுத்துல இருந்த காலண்டரையெல்லாம் கழட்டி வச்சிருந்தா, கேமராவுல அசிங்கமாத் தெரியக்கூடாதுன்னு. இந்த சிஸ்டத்துல திறக்காதுன்னு திரையில இங்கிலீஷ்ல ஒரு வரி நிக்குது. செல்போன்ல முயற்சி பண்ணியிருக்கா, அதுலயும் எடுக்கல. ஜெராக்ஸ் கடைக்கு ஓடியிருக்கா. அவங்க அன்னைக்குன்னு பாத்துத் திருச்சிக்கு லோடு எடுக்கப் போயிட்டாங்களாம்.

"பரவால்ல மாமா"ன்னா. திட்டியிருந்தா நான் நல்லா இருந்திருப்பேங்க. அந்தப் பரவால்லதான் இன்னைக்கு வரைக்கும் நெஞ்சுல முள்ளா நிக்குது.

லேப்டாப் என்னாச்சா? அன்னைக்கு மத்தியானமே சரியாயிடுச்சு. டிஸ்க்கைப் போட்டேன், ரெண்டு வரி தட்டினேன், முடிஞ்சது. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் ஜம்முனு இருக்கு. அதை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கறதா? கம்பெனிக்காரங்களுக்கு எழுதிப் பாத்தா. வேற ஆளை எடுத்தாச்சுன்னு பதில் வந்துடுச்சு.

இதோட முடிஞ்சிருந்தாக்கூட நான் எப்படியோ தூங்கியிருப்பேன். சாயந்தரம் பெரியண்ணன் அண்ணன் கடையைக்கூடச் சாத்தாம வந்துட்டாரு. அந்த லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிட்டு வர்றாரு, பின்னாடி ரோகிணி நிக்கிறா. "திருஞானம், இது காலையில என்ன ஆச்சுன்னு நீ பாத்துச் சொல்லுய்யா. இவ வாயத் திறக்க மாட்டேங்கிறா"ன்னாரு. அவ ஞாயித்துக்கிழமை இங்க வந்ததே அவருக்குத் தெரியாது. அவரு முகத்தைப் பாத்தேன், ஜிவுஜிவுன்னு இருக்கு. அண்ணன் கோவம் உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை யூரியா மூட்டை எடை குறையுதுன்னு லாரிக்காரனையே மூட்டையோட சேத்துத் தூக்கினவரு.

என் வாய்ல இருந்து வந்தது என்ன தெரியுங்களா? "புள்ள தெரியாம எதையோ அழிச்சிருக்குண்ணே"ன்னேன்.

அவ தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. ஒரே ஒரு பார்வை. இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல? மாமாதான் அழிச்சாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானா வாயைப் பொத்தினேன்? சொல்லல. நான் காலேஜ்ல சேத்துவிட்டவன், அவங்கப்பாவுக்குத் தம்பி மாதிரி, ரெண்டு குடும்பத்துக்கும் சண்டை வந்துடும்னு அது யோசிச்சிருக்கு. இருபத்திரண்டு வயசுப் பொண்ணு யோசிச்சதை நான் யோசிக்கல.

அண்ணன் அங்கயே ஆரம்பிச்சிட்டாரு. "இண்டர்வியூ அன்னைக்கே பொட்டியை உடைச்சவ வேலைக்குப் போயி என்னத்தைக் கிழிக்கப் போறா. படிச்சது போதும்"னு. மறுவாரமே ஜாதகத்தை வெளிய எடுத்துட்டாரு. கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அவரே சொல்லிப் புலம்பினாரு, என் பொண்ணு இப்படிப் பண்ணிட்டான்னு. அதுதான் டீக்கடை வரைக்கும் வந்து உங்க காதுல விழுந்திருக்கு. அந்த ஜாதகம்தான் உங்க கைக்கும் வந்திருக்கு.

சொல்லிடணும்னு நான் போகாம இல்லீங்க. வளர்மதியும் தினம் கேக்கறா, "போய்ச் சொல்லிட்டீங்களா"ன்னு. கடைக்குப் போவேன். "வாய்யா திருஞானம், என்ன வேணும்"பாரு அண்ணன். அந்த நேரத்துக்கு நாக்கு ஒட்டிக்கும். "ஒரு கிலோ யூரியா குடுங்கண்ணே"ன்னு வாங்கிட்டு வந்துடுவேன். அதோ பாருங்க, மூலையில. பூரா உரம். எங்க வீட்டுல இருக்கறது ரெண்டு செம்பருத்தித் தொட்டி. வாங்கினதைப் போடாம இருந்தா எப்படின்னு போட்டுப் போட்டு, ஒண்ணு கருகியே போச்சு.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. சிரிக்கற மாதிரிதான் இருக்கு.

இந்த ஒரு மாசத்துல இதை வாய்விட்டுச் சொன்னது உங்ககிட்டதான். மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுங்களா? சத்தியமாச் சொல்றேன், நீங்க வாசல்ல நின்னு வீடு வாடகைக்குன்னதும், எனக்குக் கடவுளே ஆளை அனுப்பின மாதிரி இருந்துச்சு. ஏன்னா நீங்க வருவீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.

எப்படியா? முந்தாநேத்து ரோகிணி வந்தா. அந்த நாளுக்கப்புறம் இப்பதான் வர்றா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. "மாமா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்"னா. "கேளும்மா, உயிரைக் கேட்டாலும் தர்றேன்"னேன். "ராசிபுரத்துல இருந்து விசாரிக்க ஆள் வரும். எதிர்வீடுன்னு உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க. நான் நல்ல பொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா"ன்னா.

எனக்கு ஒண்ணும் விளங்கல. ஏம்மான்னேன். அவ பெங்களூருல இன்னொரு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்காளாம், ரெண்டு சுத்துல பாஸாயிட்டாளாம், கடைசிச் சுத்து அடுத்த மாசமாம். அப்பாவுக்குத் தெரியாது. அதுக்குள்ள சம்பந்தம் முடிவாயிட்டா, அப்புறம் அவளை எங்கயும் அனுப்பமாட்டாங்களாம். மருமக வேலைக்குப் போகக்கூடாதுன்னு உங்க பக்கத்துல முதல்லயே சொல்லிட்டீங்களாமே? அப்படிங்களா? சரிங்க, அதுவும் ஒரு வகையில நியாயம்தான். நெல்லு மண்டி இருக்கு, சொந்த வீடு இருக்கு, எதுக்கு வேலைக்கு?

"நான் என்னம்மா சொல்லணும்"னேன். "புதுசா எதுவும் சொல்லவேண்டாம் மாமா. புள்ள தெரியாம லேப்டாப்புல எதையோ அழிச்சிருக்குன்னு அன்னைக்கு அப்பாகிட்ட சொன்னீங்கள்ல, அதையே சொல்லுங்க போதும்"னா. கோவமாச் சொல்லலீங்க. கெஞ்சற மாதிரிதான் சொன்னா. கண்ணு கலங்கிடுச்சு அதுக்கு. "ஒரு மாசம் மாமா. ஒரே ஒரு மாசம் இவங்க தள்ளிப்போனா போதும். அப்புறம் நான் பாத்துக்கறேன்"னா. "சரிம்மா"ன்னுட்டேன். வேற என்ன சொல்றது அந்த நேரத்துல?

ரெண்டு நாளா யோசிச்சேங்க. நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? ஒரு பொய் சொல்லிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். அதே பொய்யை மறுபடி சொல்லுன்னா எப்படிங்க சொல்லுவேன்? அந்தப் புள்ள மேல மறுபடி பழி போடறதுக்கு என் நாக்கு அழுகிடாதா? சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? நல்ல இடம், நல்ல பையன், தாய்மாமன் நீங்க இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கறீங்க. அவளுக்கு நான் கெடுத்ததுக்கு ஒரு நல்லது நான்தானே பண்ணணும்? வேலை போனா போகுது. கல்யாணம் நல்லபடியா அமைஞ்சா, நாளைக்கு அவளே என்னை நினைச்சுக்குவா.

அதனால நல்லாக் கேட்டுக்குங்க. அந்த லேப்டாப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமில்ல. பழி பூரா என்னுது. தங்கமான பொண்ணுங்க. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை, அதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். தாராளமா முடிங்க. என் பேச்சை நம்பி முடிங்க.

ரொம்ப சந்தோஷம். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. பையனோட அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுவீங்களா? நல்லது, நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது. ஒரே ஒரு விஷயம். லேப்டாப் கதை நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். பெரியண்ணன் அண்ணன் காதுக்குப் போச்சுன்னா, நல்ல காரியம் நடக்கற நேரத்துல வீணா மனஸ்தாபம். பொண்ணைப் பத்தி நல்லாச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, டீக்கடையில சொன்னாங்கன்னு சொல்லிடுங்க.

கிளம்பிட்டீங்களா? இருங்க, அந்தப் பக்கம் வேண்டாம். இந்த நேரத்துக்கு ரோகிணி எதிர்வீட்டு வாசல்லதான் நின்னுக்கிட்டு இருப்பா, காலையில இருந்தே நிக்கிறா. இப்படிக் கொல்லைப்பக்கமா வாங்க, வழி இருக்கு. தலை இடிச்சுக்காதீங்க, நிலை கொஞ்சம் தாழ்வு.